சத்தம் வராத கொட்டாப்புளி

இப்படி உக்காருங்கம்மா, இந்தப் பக்கம் ஃபேன் காத்து வரும். உங்க டோக்கன் என்ன, நாப்பத்தெட்டா? அப்ப எனக்கு அடுத்து நீங்க. எனக்கு நாப்பத்தேழு. இப்பத்தான் முப்பத்தொண்ணு ஓடுது. கவுன்டர்ல உள்ள பொண்ணு ஒவ்வொரு பார்சலையும் பிரிக்கச் சொல்லிப் பாத்து, எடை போட்டு, கம்ப்யூட்டர்ல ஒத்தை விரலால தட்டுது. சாப்பாட்டு நேரத்துக்குள்ள நம்மளைக் கூப்பிட்டா நம்ம நல்ல நேரம்.

இதுவா? கொட்டாப்புளிம்மா. ஆசாரிங்க உளி மேல தட்டுவாங்களே, மரச் சுத்தி, அதேதான். உங்களது மலேசியாவுல உள்ள பையனுக்குன்னீங்க, இது அமெரிக்காவுக்குப் போகுது. சிரிங்க, பரவாயில்ல. ஊரே பருப்புப் பொடியும் ஊறுகாயும் அனுப்புது, இந்தக் கிழவன் மரக்கட்டையை அனுப்பறானேன்னு தோணத்தான் செய்யும். எங்க மாப்பிள்ளைக்கு அனுப்பறேன். அவரு வீட்லயே துப்பாக்கிக் குண்டு வார்க்கறாரு, அதுக்கு.

ஐயோ, பயப்படாதீங்க. அங்க அதெல்லாம் சட்டப்படிதான். லைசென்ஸ், கடை, பழகற மைதானம் எல்லாம் இருக்கு. நம்மாளு ஞாயித்துக்கிழமை தூண்டில் எடுத்துட்டு காவேரிக்குப் போற மாதிரி அவங்க துப்பாக்கி எடுத்துட்டுப் போயி அட்டையைச் சுட்டுட்டு வர்றாங்க. மாப்பிள்ளை பேரு கிளமென்ட். கம்ப்யூட்டர் வேலை. தங்கமான மனுஷன். குடி கிடையாது, சிகரெட் கிடையாது. என் பொண்ணு ஜெசிந்தாவைக் கட்டி மூணு வருஷம் ஆகுது. பி.எஸ்சி. நர்சிங் படிச்சவ. அங்க போயி வீட்லதான் இருக்கா.

நான் யாருன்னு சொல்லலையே. சூசைராஜ். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல ஃபவுண்டரில முப்பத்தாறு வருஷம். இரும்பு, பித்தளை, ஈயம், எதை உருக்கி ஊத்தறதா இருந்தாலும் என்னைக் கேட்டுத்தான் ஊத்துவாங்க. என் சம்சாரம் ஸ்டெல்லா காலமாகி நாலு வருஷம் ஆச்சு. தனியா கிடக்கீங்களே, ஆறு மாசம் வந்து இருங்கப்பான்னு பொண்ணு கூப்பிட்டா. வரும்போது அம்மாவோட முறுக்கு உரலை எடுத்துட்டு வாங்க, கிறிஸ்துமஸுக்குச் சுடணும்னா. ஸ்டெல்லாவோட அம்மா காலத்து உரல் அது. வைரம் பாய்ஞ்ச புளியமரத்துல கடைஞ்சது. துணிக்கு நடுவுல சுத்தி அக்டோபர்ல கொண்டு போனேன்.

அந்த ஊரைப் பத்தி என்ன சொல்றது போங்க. மினசோட்டா. நவம்பர்ல பனி கொட்ட ஆரம்பிச்சது, மார்ச்சுல நான் கிளம்பற வரைக்கும் தரையைப் பாக்கல. வாசப்படியைத் தாண்டினா முழங்கால் வரைக்கும் வெள்ளை. நடக்கத் தெரியாதவன் வழுக்கி விழுந்தா இடுப்பு போயிடும்னு மாப்பிள்ளை என்னை வெளிய விட மாட்டாரு. கார் சாவி அவர்கிட்டதான். ஜெசிந்தாவுக்கு ஓட்டத் தெரியும், இங்க இருக்கும்போதே லைசென்ஸ் எடுத்தவ. ஆனா பனியில வேணாம்னுட்டாரு. பூசைக்குக்கூட மொபைல்லதான். காலைல எந்திரிப்பேன், ஜன்னல்கிட்ட உக்காருவேன், சாப்பிடுவேன், மறுபடியும் ஜன்னல். கதவைத் தொறந்தா மணி அடிக்கற மாதிரி ஒரு மெஷின் வச்சிருக்காரு, குப்பை போடக் கதவைத் தொறந்தாலும் அவரு போன்ல தெரியும். பாதுகாப்புக்காகத்தான். ஜெயில்னு சொல்லல நான், ஆனா ரெண்டாவது மாசமே காலண்டர்ல நாளை அடிக்க ஆரம்பிச்சேன். உண்மையைச் சொல்றேன், ஒருநாள் பாத்ரூம்ல உக்காந்து அழுதேன். அறுபத்தெட்டு வயசுல.

அப்பத்தான் ஒருநாள் மாப்பிள்ளை, மாமா, கராஜுக்கு வாங்க, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னாரு. கார் நிறுத்தற ரூம். அங்க ஒரு மேசை, ஈயம் உருக்கற சட்டி, அச்சு, எல்லாம் பளபளன்னு அடுக்கி வச்சிருக்காரு. பாத்ததும் எனக்கு உயிர் வந்துச்சும்மா. முப்பத்தாறு வருஷத்து வாசனை அது. முதல் வேலையா கராஜ் கதவைத் தொறக்கச் சொன்னேன். ஈயப் புகை உள்ள நிக்கக் கூடாதுல்ல. கம்பளியைப் போத்திக்கிட்டு, வெளிய பனி, உள்ள சட்டி, நாங்க ரெண்டு பேரும். அந்த வீட்ல நான் ஒரு ஆளா இருந்தது அந்த ரூம்ல மட்டும்தான்.

அவருக்கு என்ன சிக்கல்னா, சுத்தி. சொல்றேன் கேளுங்க, ரொம்பச் சின்ன விஷயம், ஆனா விஷயம் அதுலதான் இருக்கு. அச்சு ரெண்டு பாதியா இருக்கும், இடுக்கி மாதிரி கைப்பிடி. மேல ஒரு தகடு, அதுல ஓட்டை. ஓட்டை வழியா ஈயத்தை ஊத்தினா அச்சு நிரம்பி, மிச்சம் தகட்டு மேல கட்டியா நிக்கும். தகட்டைப் பக்கவாட்டுல ஒரு தட்டு தட்டணும். மிச்சம் அறுந்து விழும். அப்புறம் அச்சைத் தொறந்தா குண்டு விழும். விழாம ஒட்டிக்கிட்டா கைப்பிடி மூட்டுலதான் தட்டணும், அச்சு மேல தட்டவே கூடாது. மாப்பிள்ளை இரும்புச் சுத்தியால தட்டிக்கிட்டு இருந்தாரு. ணங், ணங்னு வீடே அதிரும். தகடு நெளிஞ்சு போச்சு. நெளிஞ்ச தகட்டுல குண்டோட அடி ஒழுங்கா வராது.

கடைல போயி நாலு சுத்தி வாங்கிட்டு வந்தாரு. ரப்பர் சுத்தி எகிறுது, கைக்கு அடங்கல. பிளாஸ்டிக் சூட்டுல இளகுது. பித்தளை கனம் ஜாஸ்தி. தோல் சுத்தின்னு ஒண்ணு, மாட்டுத் தோலைச் சுருட்டினது, நாலு நாள் தட்டினா விளிம்பு பிரிஞ்சு போச்சு. நான் சொன்னேன், மாப்பிள்ளை, இதுக்கெல்லாம் எங்க ஃபவுண்டரில கொட்டாப்புளிதான், மரம் அடியை வாங்கிக்கும், இரும்பை நோகடிக்காதுன்னு. அப்ப நீங்களே ஒண்ணு செஞ்சு குடுங்க மாமான்னுட்டாரு. மாமான்னு அப்படிக் கூப்பிட்டா மனசு இளகிடுது.

முப்பத்தாறு போயிடுச்சா? ஓடட்டும்.

அன்னைக்குச் சாயங்காலம் ஜெசிந்தாகிட்ட பெருமையாச் சொன்னேன். அவ பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தா. குழாயை நிப்பாட்டிட்டு, மெதுவா, என் காதுக்கு மட்டும் கேக்கற மாதிரி சொன்னா:

"அப்பா, இரும்புச் சுத்தியே இருக்கட்டும்பா. சத்தம் கேட்டா அவரு எங்க இருக்காருன்னு தெரியும்."

எனக்குச் சுருக்குன்னு ஆச்சு. ஃபவுண்டரில தலை நரைச்சவனுக்கு இவ சுத்தி பாடம் எடுக்கறாளே. தகடு நெளியுதும்மா, உனக்கு என்ன தெரியும்னு சொன்னேன். அவ மறுபடியும் குழாயைத் தொறந்துட்டா.

அந்த ஊர்ல புளியமரத்துக்கு எங்க போறது? மாப்பிள்ளை ரெண்டு மூணு கட்டையை வாங்கிட்டு வந்தாரு, எல்லாம் வெளுத்த மரம், எனக்குப் பிடிக்கல. அப்புறம் பாத்தா சமையலறைல அலமாரி மேல முறுக்கு உரல் இருக்கு. மேல அமுக்கற பகுதி, உருட்டா, கைக்கு அடக்கமா, எண்ணெய் குடிச்சுக் குடிச்சுக் கறுத்துப்போன புளியங்கட்டை. கொட்டாப்புளித் தலைக்குன்னே கடைஞ்ச மாதிரி இருந்துச்சு. ஆமாம்மா. அறுத்துட்டேன். கிறிஸ்துமஸ் முடிஞ்சு போச்சுல்ல, இனிமே அடுத்த வருஷம்தானே முறுக்குன்னு நினைச்சேன். நடுவுல துளை போட்டு, அங்க கிடைச்ச ஒரு மரத்துல கைப்பிடி சொருகி, ஆப்பு அடிச்சு இறுக்கினேன். இதோ, கையில வாங்கிப் பாருங்க. ஆடுதா? ஆடாது.

ஜெசிந்தா பாத்தா. உரலோட கீழ்ப் பகுதியை மட்டும் எடுத்து மடியில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தா. என்னம்மான்னேன். ஒண்ணுமில்லப்பான்னா. பொம்பளைப் புள்ளைங்களுக்கு அம்மா சாமான்னா ஒரு இது இருக்கும்ல. நானும் ஸ்டெல்லாவை நினைச்சேன். ஆனா மாப்பிள்ளை முதல் தட்டு தட்டினாரு பாருங்க. டொப். அவ்வளவுதான். தகடு வெண்ணெய்ல போற மாதிரி நகருது. பக்கத்து ரூம்ல இருக்கறவங்களுக்குக்கூடக் கேக்காது. மாப்பிள்ளை என் தோள்ல தட்டி, மாமா, இத்தனை நாள் இது இல்லாமப் போச்சேன்னாரு. அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன்.

அதுக்கு அடுத்த வாரம்தான் போன் விஷயம். ஜெசிந்தா சமையலறைல நின்னு யாரோடயோ பேசிக்கிட்டு இருந்தா. கராஜ்ல சத்தமில்ல, ஆனா வேலை நடக்குதுன்னு நினைச்சிருப்பா போல. மாப்பிள்ளை பின்னால வந்து நின்னுட்டாரு. அவளுக்குத் தெரியவே இல்ல. கொட்டாப்புளி கையிலேயே இருந்துச்சு அவருக்கு. அடிக்கல, அடிக்கல, அந்த மாதிரி மனுஷன் இல்ல அவரு. போனை வாங்கி யாருன்னு பாத்தாரு, அவ்வளவுதான். மறுநாள் கேட்டா போன் கெட்டுப்போச்சுப்பான்னா. அதுலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் அவர் போன்லதான் பேசறா. வீடியோல ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து பேசுவாங்க. பாக்க நல்லா இருக்கும்.

என்னம்மா அப்படிப் பாக்கறீங்க? எல்லா வீட்லயும் நடக்கறதுதானே. உங்க வீட்ல நடக்கலையா?

மாப்பிள்ளைக்கு வேடிக்கையாப் பேசத் தெரியும். சமையலறைல கழுவற தொட்டிக்கு மேல ஜன்னல் இருக்குல்ல, அந்தக் கட்டையில அவரு வார்த்த குண்டை வரிசையா நிக்க வச்சிருப்பாரு. நான் போன புதுசுல அஞ்சோ ஆறோ இருந்துச்சு. அப்பப்ப ஒண்ணு கூடும். என்ன கணக்கு மாப்பிள்ளைன்னு கேட்டேன். இவ தப்பு பண்றப்பல்லாம் ஒண்ணு வைக்கிறேன் மாமான்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். எங்க வீட்ல அப்படி வச்சா ஜன்னல் பத்தாது மாப்பிள்ளைன்னுகூட சொன்னேன். ஜெசிந்தா சிரிக்கல. அவளுக்குச் சின்ன வயசுலேர்ந்தே வேடிக்கை புரியாது. நான் கிளம்பறப்ப பதினாலு இருந்துச்சு. எண்ணினேன். ஏன் எண்ணினேன்னு தெரியல.

நாப்பதா? பாருங்க, பேசிக்கிட்டே இருந்தா நேரம் போயிடுது.

சரி, இது எப்படி இங்க வந்துச்சுன்னுதானே கேக்கறீங்க. பெட்டி கட்டினது ஜெசிந்தாதான். ஏர்போர்ட்டுக்குக் கிளம்பறப்ப, மாப்பிள்ளை காரை எடுக்கப் போன நேரத்துல என் கையைப் பிடிச்சுக்கிட்டு, வீட்டுக்குப் போயித்தான் பெட்டியைத் தொறக்கணும்பா, உள்ள இருக்கறதை யார் கேட்டாலும் குடுக்கக் கூடாது, நான் வந்து வாங்கிக்கறேன்னா. சரிம்மா சரிம்மான்னேன். பாஸ்போர்ட் எங்க இருக்குன்னு சட்டைப் பையைத் தடவிக்கிட்டு இருந்தேன், சரியாக் கேக்கக்கூட இல்ல.

இங்க வந்து தொறந்தா, அடில, அவ புடவைல சுத்தி இந்தக் கொட்டாப்புளி. உரலோட கீழ்ப் பகுதியும் இருந்துச்சு, அதை வீட்லயே வச்சுட்டேன். அதோட ஒரு பிளாஸ்டிக் கவர். அவளோட டிகிரி, மார்க் ஷீட்டு, நர்சிங் கவுன்சில்ல பதிவு பண்ணின சான்றிதழ், ஞானஸ்நானச் சீட்டு, எல்லாம் ஒரிஜினல். மறதி பாருங்க. அங்க நர்ஸ் வேலைக்குப் பரீட்சை எழுதணும்னா இதெல்லாம் கையில வேணாமா? மாப்பிள்ளையும் ஒருநாள் இந்தக் கவரைக் கராஜுக்கு எடுத்துட்டு வந்து, மாமா, இந்தக் காகிதத்தைச் சட்டிக்கு அடியில போட்டா நல்லா எரியுமான்னாரு. வேடிக்கைக்குத்தான். ஜெசிந்தா ஓடி வந்து வாங்கிட்டுப் போயிட்டா. அன்னைக்குச் சாயங்காலம் ஜன்னல்ல ஒண்ணு கூடுச்சு.

கவருக்குள்ள ஒரு துண்டுச் சீட்டும் இருந்துச்சு. பென்சில்ல டோரத்தின்னு ஒரு பேரு, ஒரு நம்பர். கீழ "வியாழன் மட்டும்"னு அவ கையெழுத்து. டோரத்தி பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா. மாப்பிள்ளை எல்லா நாளும் வீட்லேர்ந்துதான் வேலை, வியாழக்கிழமை மட்டும் ஆபீஸ் போவாரு. அன்னைக்கு அந்த அம்மா கேக் எடுத்துட்டு வரும். கேக் செய்முறை கேக்கறதுக்கு நம்பர் வாங்கி வச்சிருப்பா, அது காகிதத்தோட வந்துருச்சுன்னு நினைச்சேன்.

நேத்துச் சாயங்காலம் மாப்பிள்ளை கூப்பிட்டாரு. மாமா, கொட்டாப்புளியைக் காணோம், உங்க பெட்டியில வந்துருச்சான்னாரு. ஆமா மாப்பிள்ளை, வந்துருக்குன்னேன். நாம பொய் சொல்லிப் பழக்கமில்லையே. வேற ஏதாவது வந்துருக்கான்னாரு. நான் பாத்துச் சொல்றேன்னேன். நீங்க பாக்க வேணாம்னாரு. அப்புறம், "இருக்கறது எல்லாத்தையும் அப்படியே பார்சல் போடுங்க மாமா, என் பேருக்குப் போடுங்க"ன்னாரு. ஜெசிந்தாகிட்ட குடுங்களேன்னேன். தூங்கறாளாம். அங்க காலைல ஒம்பது மணி. அஞ்சு மணிக்கு எந்திரிக்கற பொண்ணும்மா அவ. கான்வென்ட் ஹாஸ்டல்ல இருந்தவ. காய்ச்சல்லகூட அஞ்சு மணிக்கு எந்திரிச்சிடுவா.

அதான் காலைலயே வந்துட்டேன். ஃபாரம் எல்லாம் பூர்த்தி பண்ணிட்டேன். பெறுநர் கிளமென்ட். பொருள்: மரச் சுத்தி ஒண்ணு, சான்றிதழ்கள்.

ஏம்மா, ஃபாரத்தை ஏன் மடிக்கறீங்க? குடுங்க.

இல்ல, நீங்க கேக்கறது புரியுது. ஜெசிந்தா ஏன் ஒரிஜினலை அனுப்பினான்னு கேக்கறீங்க. மறதி இல்லைன்னா என்னன்னு கேக்கறீங்க. அவ மறக்கற பொண்ணு இல்ல, அது எனக்கும் தெரியும். பத்தாவது பரீட்சைக்கு ரெண்டு பேனா, ரெண்டு பென்சில், ஒரு ஸ்பேர் ரப்பர் எடுத்துட்டுப் போனவ. ஆறு மாசம் அந்த வீட்ல அவ பக்கத்துலதான் இருந்தேன். ஒரே மேசையில சாப்பிட்டேன். எனக்குத் தெரியாதா என்ன. தெரிஞ்சிருந்தா அந்த உரலை அறுத்திருப்பேனா?

சத்தம் கேட்டா எங்க இருக்காருன்னு தெரியும்னா. சொன்னாளேம்மா. என் காதுல சொன்னாளே. நான் அந்தச் சத்தத்தைத்தான் நிப்பாட்டினேன். என் கையாலயே, அவ அம்மா சாமானை அறுத்து. அவரு தோள்ல தட்டினதுல பூரிச்சுப் போயி, வேற ஒண்ணும் கண்ணுக்குத் தெரியல. அந்தப் பனியில என்னை மதிச்சுப் பேசினது அவரு ஒருத்தர்தான்னு இருந்துட்டேன். அவ பேசினாளே, அதை நான் பேச்சாவே எடுத்துக்கல.

கூப்பிடறாங்களா? நாப்பத்தேழா?

இல்லம்மா, நீங்க போங்க. நாப்பத்தேழு வரலன்னு சொல்லுங்க. ஃபாரத்தை நீங்களே கிழிச்சுப் போட்டுடுங்க.

ஒரு நிமிஷம், போறதுக்கு முன்னால. உங்க பையன் மலேசியால இருக்கான்னீங்களே, உங்க போன்லேர்ந்து வெளிநாட்டுக்குப் பேசலாம்ல? என் போன்ல பேசினா அவருக்கு எப்படியும் தெரிஞ்சு போயிடும்னு பயமா இருக்கு. இன்னைக்கு வியாழன்தானே? நம்ம சாயங்காலம் ஏழரைன்னா அங்க காலைல ஒம்பது, அவரு ஆபீஸுக்குக் கிளம்பிப் போயிருப்பாரு. உங்க வீடு எங்கன்னு சொல்லுங்க, நானே வந்துடறேன். டோரத்தி அம்மாகிட்ட எனக்கு இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தைதான் வரும், கால் ஜெசிந்தான்னு சொன்னா புரிஞ்சுக்கும். அவ வந்து எடுத்தா, உன் சாமான் பத்திரமா இருக்கும்மான்னு சொல்லணும். அதுக்கு முன்னால, ஜன்னல்ல இப்ப எத்தனை இருக்குன்னு கேக்கணும்.